பிறெடியை எப்படி அழிப்பது?

பிறெடியின் அல்பம் ஒன்லைன் விற்பனையில் முதலாம் இடத்துக்கு வந்த சனிக்கிழமை, அவன் கொட்டாஞ்சேனையில் கண்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றி விசாரித்தான். கண்டவர்கள் எல்லாரும் அதை வாங்கியிருந்தார்கள். ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை.

"சும்மா சொல்லக் கூடாது பிறெடி, நல்ல சாமான்," என்றார் சலூன்கார மரியதாஸ், ஒருவரின் தாடையில் கத்தியை வைத்துக்கொண்டே. "என்ட பழைய பாட்டு எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுட்டேன். போன் இப்ப காத்து மாதிரி ஓடுது."

"நான் பெட்டியக் கேக்கல்ல அண்ணன். என்ட அல்பத்தைக் கேக்கிறேன்."

"ஆ, அதுவா? அதுவும் ஒரு மூலையில கிடக்கு."

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவரும் சோப்பு நுரைக்குள்ளிருந்து, தன்னிடமும் கிடப்பதாகக் கையைக் காட்டினார்.

பிறெடிக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாண வீடுகளில் பாடுவது தொழில். இருபது வருடமாக மற்றவர்களுடைய பாட்டுகளை மற்றவர்களுடைய கல்யாணங்களில் பாடி வருகிறான். அவன் உச்சஸ்தாயியில் நிற்கும்போது சனம் கோழிக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில நேரம் பலத்த கைதட்டல் எழும். அது சாப்பாட்டு மேசையில் மூடிகளைத் திறந்ததற்காக என்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம்.

அப்படிப்பட்டவன் மூன்று வருடம் மினக்கெட்டுச் சொந்தமாக ஒன்பது பாட்டுகள் எழுதி, மெட்டுப் போட்டு, ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் ஒலிப்பதிவு செய்தான். அல்பத்தின் பெயர் 'ஈரத் தீக்குச்சி'. ஒன்பதும் காதல் தோல்விப் பாட்டுகள். பதினெட்டு வருடமாக அவனோடு சண்டை சச்சரவின்றிக் குடும்பம் நடத்துகிற டெல்சிக்கு இது விளங்கவேயில்லை.

"உங்கள விட்டுட்டுப் போனது யாருன்னு சொல்லுங்க," என்று ஒருநாள் கேட்டாள். "எப்படித் தப்பிச்சாள்னு நானும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

அல்பம் வெளிவந்து எட்டு மாதத்தில் நான்கு பிரதிகள் விற்றன. ஒன்றை வாங்கியவர் இத்தாலியில் இருக்கும் மைத்துனர். ஒன்றை வாங்கியவன் பிறெடி. மற்ற இரண்டு பேரையும் அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

அந்த நிலைமையில்தான் வெள்ளவத்தையிலிருந்து மயூரி அழைத்தாள். அவள் 'பாட்டுப்பெட்டி' என்ற புதுக் கம்பனியில் விளம்பரப் பகுதியைப் பார்ப்பவள். வாடிக்கையாளர் தம்முடைய பாட்டுகள் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். எந்தப் போனிலிருந்தும் திறந்து கேட்கலாம். கம்பனி விற்பது அந்தப் பெட்டியைத்தான். ஆனால் பெட்டிக்குக் காசு கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"அதாலை நாங்கள் ஒரு வேலை செய்யப் போறம் அண்ணா," என்றாள் மயூரி. "உங்கட அல்பம் இப்ப ஆயிரம் ரூவா. நாங்கள் அதை இருபது ரூவாய்க்குக் குடுப்பம். வாங்கிற ஆக்களுக்குப் பெரிய பெட்டி ஒண்டு ஒரு வருசத்துக்கு இலவசம். உங்களுக்கு முழு விலையும் வரும். நட்டம் எங்கட."

"ஏன் என்ட அல்பம்?" பிறெடியின் குரலில் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது.

மயூரிக்குப் பொய் சொல்ல வராது. "உங்களுக்கு முதல் ஆறு பேரிட்டைக் கேட்டனாங்கள். இருபது ரூவாய் எண்டதும் எல்லாரும் கோவிச்சுக்கொண்டு போனை வச்சிட்டினம்."

பிறெடி கோபிக்கவில்லை. ஆனால் யோசித்தான். அவன் மனம் மாறிவிடக் கூடாதென்று மயூரி தானாகவே ஒரு சலுகையைச் சேர்த்தாள். பாடகரின் கையெழுத்து இல்லாமல் அந்த அல்பத்தைப் பெட்டியிலிருந்து ஒரு வருடத்துக்கு யாரும் அழிக்க முடியாது. அத்தோடு, கேட்ட பாட்டு இணையத்தில் இழுபட்டு நின்றால் பெட்டி தானாகவே, போனில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் பிறெடியின் பாட்டைப் போடும். பிறெடி அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டான். ஒரு வருடம் முழுக்கத் தன் ஒன்பது பாட்டுகளும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கப் போகின்றன. என்றாவது ஒருநாள் கேட்காமலா விடுவார்கள்?

பால்மா பைக்கெற்றோடு கிளாஸ் இலவசமென்றால் கிளாசுக்காகப் பால்மா வாங்குகிற ஊர் இது. அந்தச் சின்ன விஷயத்தைப் பிறெடி மறந்துவிட்டான்.

ஒன்பதாயிரம் பேர் வாங்கினார்கள். காசு வந்தது. டெல்சி இரண்டு கதவு வைத்த பிரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதன் முன்னால் நின்று படமெடுத்து இத்தாலிக்கு அனுப்பினாள். பிறெடி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

"இப்ப என்ன குறை?" என்றாள் டெல்சி.

"ஒருத்தனும் கேக்கல்லயே."

"வாங்கினாங்க தானே. தேங்காய வாங்கினவன் துருவினானா இல்லையான்னு கடைக்காரன் வீட்டுக்கு வந்து பாக்கிறானா?"

பிறெடியால் அப்படி இருக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனான்.

கம்பனி, காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்தது. அவனைக் கண்டதும் மயூரியின் முகம் ஒரு மாதிரிப் போனது. தேத்தண்ணி வரவழைத்தாள். பிஸ்கட் வரவழைத்தாள். அவன் கேட்டதை மட்டும் காட்டாமல் வேறு எல்லாவற்றையும் திரையில் காட்டினாள்.

"விற்றது தெரியும் தங்கச்சி. எத்தனை பேர் கேட்டிருக்காங்க? அதச் சொல்லுங்க."

"கேட்டிருக்கினம் அண்ணா. இடையிலை தானா வரேக்கை கேட்டிருக்கினம்." அவள் கோடு ஒன்றைக் காட்டினாள். அது மலையுச்சியிலிருந்து விழுந்ததுபோல நேராகக் கீழே போயிருந்தது. "ஏழாவது செக்கனிலை எல்லாரும் நிப்பாட்டுகினம்."

"என்ட பாட்டுகளுக்கு முன்னிசையே இருபது செக்கன்."

"ஓம் அண்ணா."

"அப்ப என்ட குரல்?"

"ஒரு பாட்டிலை மட்டும் நீங்கள் எடுத்த எடுப்பிலை பாடுறியள். அதிலை முதல் வரி கேட்டிருக்கினம்."

"கடைசி வரைக்கும் கேட்டது எத்தனை பேர்?"

"மூண்டு போன்." மயூரி பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "ஒண்டு உங்கட. மற்றது டெல்சி அக்காவின்ரை. மூண்டாவது இத்தாலி."

டெல்சியின் போனிலும் கேட்டது தான்தான் என்பதைப் பிறெடி சொல்லவில்லை.

அடுத்த மேசையில் நளீபா வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசுவதில் தன் பெயர் அடிபடுவதைப் பிறெடி அப்போதுதான் கவனித்தான்.

"இல்ல சேர், பிறெடிய அழிக்க ஏலா... விளங்குது சேர். ஆனா ஒரு வருஷத்துக்கு அவர் இருப்பார்."

"யாரது?" என்றான் பிறெடி.

"டியூஷன் சேர் ஒருத்தர். மிதுஷன்," என்றாள் நளீபா. முன்னால் இருப்பவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. "கெமிஸ்ட்ரி வகுப்பெல்லாம் ரெக்கோட் பண்ணி எங்கட பெட்டியில போட்டு பிள்ளைகளுக்குக் குடுத்தீக்கார். பென்சீனுக்கு நடுவுல இந்த மனிசன் வந்து அழுறாராம். ஒரு பிள்ளை அதையும் நோட்ஸில எழுதீக்கி."

"அந்தப் பிள்ளை எந்த வரிய எழுதிச்சுன்னு கேட்டீங்களா?"

நளீபா பதில் சொல்லுமுன் அடுத்த அழைப்பு வந்தது. அழைத்தவரின் சத்தம் காதைக் கிழித்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, நான் நமசிவாயம் கதைக்கிறன். நேற்று என்ரை மகளுக்குக் கலியாணம்."

"வாழ்த்துகள் அங்கிள்."

"பொறும், வாழ்த்தாதையும். முதல் கதையைக் கேளும். மேளகாரர் பேலியகொடையிலை ஒரு மீன் லொறிக்குப் பின்னாலை மாட்டுப்பட்டுட்டினம். முகூர்த்தம் முடியப் போகுது. ஐயர் என்னைப் பாக்கிறார், நான் வாசலைப் பாக்கிறன். மேளம் வராட்டிலும் நேரம் நிக்காது தானே. என்ரை பெட்டியிலை கெட்டிமேளம் ஒண்டு கிடந்தது. போனை மண்டபத்து ஸ்பீக்கரிலை குடுத்து, அதை அமத்தினன். மாப்பிள்ளை தாலியைத் தூக்கினார். கெட்டிமேளம் இழுபட்டு நிண்டிட்டுது. உடனை உந்த மனுசன் வாறார்."

"என்ன பாடினார் அங்கிள்?"

"'போறவளே, கதவைச் சாத்திட்டுப் போ' எண்டு பாடினார்."

பிறெடி எடுத்த எடுப்பில் பாடுகிற அந்த ஒரே பாட்டு அதுதான்.

"தாலி?" என்றாள் நளீபா மெல்ல.

"அது கட்டியாச்சு. பெடியன் நல்ல பெடியன், கை நடுங்கேல்லை. மகள்தான் சிரிச்சுப் போட்டாள், அதுவும் வீடியோவிலை விழுந்திட்டுது. மாப்பிள்ளையின்ரை தாய் அதுக்குப் பிறகு என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

பிறெடியால் அடக்க முடியவில்லை. மேசையில் சாய்ந்து போனுக்குக் கிட்டப் போனான். "அங்கிள், அந்தப் பாட்டை முழுசாக் கேட்டீங்களா?"

"ஆர் நீர்?"

"பாடினவன்."

நமசிவாயம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தம்பி, நீர் நல்லா இரும். உமக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஆனா என்ரை போனிலை இருக்க வேண்டாம்."

கலியாண வீடியோ அன்று மத்தியானத்துக்குள் வெள்ளவத்தையின் அத்தனை வட்ஸ்அப் குழுக்களிலும் ஏறிவிட்டது. பூப்புனித நீராட்டு விழா வைத்திருந்தவர்கள், வீடு குடிபுகுதல் வைத்திருந்தவர்கள், அறுபதாம் கலியாணம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாட்டுப்பெட்டிக்கு அழைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். பிறெடியை எப்படி அழிப்பது?

முகாமையாளர் றிகாஸ் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். கையில் ஒரு தாளும் பேனையும் இருந்தன.

"பிறெடி அண்ணன், நல்ல நேரம் நீங்களே வந்தீக்கிறீங்க. இதுல ஒரு சின்ன சைன் வெச்சிடுங்க. அழிக்கிற பட்டன இன்னைக்கே போட்டுடுவோம். இல்லாட்டி ஆக்கள் பெட்டியோட சேத்து எங்களையும் வீசிட்டுப் பெய்த்துடுவாங்க."

பிறெடி பேனையைத் தொடவில்லை.

"சல்லி எல்லாம் சரியா வந்திச்சு தானே?"

"வந்துச்சு."

"அப்ப என்ன அண்ணன் பிரச்சினை?"

பிரச்சினையை வாய்விட்டுச் சொல்லப் பிறெடிக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடமாகப் பாடியவனை ஒரு மனிதராவது ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கேட்க வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்தை வைத்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் ஒன்பதாயிரம் போன்களிலிருந்தும் அவன் போய்விடுவான். அதற்குப் பிறகு 'ஈரத் தீக்குச்சி'யைக் கேட்க இந்த உலகத்தில் மிஞ்சுவது ஒரு மைத்துனன் மட்டும்தான். அவனும் வேறு வேலை இல்லாத குளிர்காலத்தில்தான் கேட்பான்.

டெல்சிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னான்.

"சைன் பண்ணினா பிரிட்ஜத் திருப்பிக் கேப்பாங்களா?" என்றாள் அவள்.

"இல்ல."

"அப்ப உங்க இஷ்டம்." போனை வைக்கப் போனவள் நின்றாள். "இங்க பாருங்க, அவங்களுக்கு இப்ப உங்க கையெழுத்துத் தேவை. இருபது வருஷத்துல உங்ககிட்ட ஒருத்தர் கெஞ்சுறது இதுதான் முதல் தடவை. சும்மா குடுத்துட்டு வந்துடாதீங்க."

பிறெடி போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். கழுத்தை நீட்டி ஒரு தடவை இருமினான், மேடை ஏறுமுன் செய்வதுபோல.

"சைன் பண்றேன். ஒரு கண்டிஷன். அழிக்கிற பட்டன் சும்மா வரக் கூடாது. என்ட ஒன்பது பாட்டையும் முழுசாக் கேட்டவங்களுக்குத்தான் வரணும்."

றிகாஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன், அது தண்டனை. அப்பிடிச் செய்ய ஏலா."

"அப்ப ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேன்."

"ஒம்பதும் ஏலவே ஏலா. ஒரு பாட்டுல பாதி."

"ஏழு."

"ஒரு பாட்டு. ஆக்கள் விருப்பப்பட்டத எடுக்கட்டும்."

"அவங்க சின்னதா எடுப்பாங்க. மூணு பாட்டு."

"மீன் மார்க்கட்டுலயும் இப்பிடிப் பேரம் பேசினத நான் பாத்ததில்ல," என்று றிகாஸ் மயூரியைப் பார்த்தார். "நீங்க தானே இந்த வசனத்த ஒப்பந்தத்துல சேத்தது. நீங்களே ஏதாவது செல்லுங்க."

மயூரி வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு பாட்டு. ஆனா தொடக்கத்திலையிருந்து முடிவு வரைக்கும். ஓடவிட்டுத் தள்ளேலாது, சத்தத்தைப் பூச்சியமாக்கவும் ஏலாது. எந்தப் பாட்டெண்டு பிறெடி அண்ணா சொல்லட்டும்."

பிறெடி யோசித்தான். 'கதவைச் சாத்திட்டுப் போ' வேண்டாம், அதற்குப் போதுமான விளம்பரம் கிடைத்துவிட்டது. "கடைசிப் பாட்டு. 'மழைக்கு ஒதுங்கினவள்'."

"அது எவ்வளவு நேரம்?" என்றார் றிகாஸ் சந்தேகத்தோடு.

"கொஞ்ச நேரந்தான்," என்று சொல்லிவிட்டுப் பிறெடி கையெழுத்தை வைத்தான். அல்பத்தில் மிக நீளமான பாட்டு அதுதான் என்பதை றிகாஸ் தன் போனில் பார்த்தபோது மை காய்ந்திருந்தது.

பட்டன் செவ்வாய்க்கிழமை வந்தது. சனம் அழித்தது. ஆயிரமாயிரமாக அழித்தது. பிறெடி கொட்டாஞ்சேனையில் இருந்தபடி மயூரிக்கு ஓயாமல் அழைத்தான். "கேக்கிறாங்களா? முழுசாவா?" என்றான். முழுதாகத்தான் ஓடுகிறது என்றாள் மயூரி. பிறெடி அன்றிரவு தன் புதுப் பிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து டெல்சிக்குச் சர்பத் கலக்கிக் கொடுத்தான்.

மறுநாள் உண்மை தெரிந்தது. சலூனில் பிறெடி நிற்கும்போதே மரியதாஸ் பாட்டைப் போட்டார். போட்டுவிட்டுப் போனைத் துவாய்கள் வைக்கும் அலுமாரிக்குள் தள்ளி, கதவைப் பூட்டினார்.

"அண்ணன், என்ன செய்றீங்க?"

"எல்லாரும் இப்படித்தான் பிறெடி. பாட்டு அது பாட்டுக்கு ஓடட்டும். பிறகு எடுத்து அழிக்கிறது." அவர் கத்தியைத் தீட்டினார். "அந்த நமசிவாயம் ஐயா பிரிட்ஜுக்குள்ள வெச்சாராம். வட்ஸ்அப்புல வந்திச்சு."

பிறெடி தாடி மழிக்காமலே வெளியேறினான். வெள்ளிக்கிழமை வரையில் டெல்சி கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். டியூஷன் சேர் தலையணைக்கடியில் வைத்தாராம். கலியாண மாப்பிள்ளையின் தாய் போனைக் காருக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனாராம். கொழும்பு முழுவதும் அலுமாரிகளும் தலையணைகளும் பிரிட்ஜுகளும் அவன் பாட்டைக் கேட்டிருந்தன.

வெள்ளிக்கிழமை மயூரி அழைத்தாள். கணக்கு முடிப்பதற்கு இன்னொரு தாளில் கையெழுத்து வேண்டுமென்றாள். பிறெடி போனான். இம்முறை என்ன தாளென்றுகூட வாசிக்காமல் கையெழுத்து வைத்தான். தேத்தண்ணி வந்தது, குடிக்கவில்லை.

"அண்ணா, நானாவது ஒருக்காக் கேட்டிருக்க வேணும்," என்றாள் மயூரி. "நானும் கேக்கேல்லை. வேலை."

"பரவாயில்ல தங்கச்சி. தேங்காய் விக்கிறவன் வீட்டுக்கு வந்து பாக்கிறதில்ல."

அவளுக்கு அது விளங்கவில்லை. அந்த நேரம் நளீபா போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"தெஹிவளையில இருந்து ஒரு தாத்தா," என்றாள். அவள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். "ருக்கியாண்டு பேர். அழிச்சிட்டாங்களாம். ஆனா ஒரு சந்தேகமாம், எனக்கி விளங்குதில்ல. பாட்டுல யாரோ இருமுறாங்களாம்."

பிறெடி நாற்காலியிலிருந்து எழுந்தான். நளீபாவின் கையிலிருந்து போனைக் கிட்டத்தட்டப் பறித்தான்.

"ஹலோ, எங்க இருமுறாங்க?"

"கடைசிலதான்." நடுத்தர வயதுப் பெண்ணின் குரல். பின்னணியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. "பாட்டெல்லாம் முடிஞ்சு, கிட்டார் மட்டும் அடங்கி அடங்கிப் போகுதே, அந்த எடத்துல. சின்னதா ஒரு இருமல். நான் என்ட ஊட்டுக்காரருண்டு நெனச்சு அடுத்த ரூமுக்குப் பெய்த்துப் பாத்தேன். அவரு வெளிய. அப்பறம் திரும்பவும் போட்டுப் பாத்தேன். அங்கயே இருமுது. யாரு அது?"

அந்த இருமல் பிறெடிக்கு மட்டுமே தெரியும். ஒலிப்பதிவு செய்தவன்கூட அதைக் கவனிக்கவில்லை. அது பாட்டின் கடைசி மூச்சில், காதைக் கொடுத்துக் கேட்டால் மட்டும் அகப்படுகிற இடத்தில் இருந்தது. அலுமாரிக்குள்ளிருந்து அது வெளியே கேட்காது.

"பேஸ் கிட்டார் வாசிச்சவர்," என்றான். "கீழ பேக்கரி. அடுப்புப் புகை. நல்லா வாசிச்சிருந்தார், அதால அத வெட்டாம விட்டேன்."

"வெட்டாதது நல்லம். ஆனா அந்தாளுக்குக் கொத்தமல்லி அவிச்சிக் குடிக்கச் செல்லுங்க." எண்ணெய்க்குள் ஏதோ விழுந்தது. "நீங்க யாரு, கம்பனி ஆளா?"

"பாடினவன்."

"அப்பிடியா? நடுவுல ஒரு எடத்துல நீங்க மேல எடுக்கிறது சரியில்ல. கொஞ்சம் கஷ்டப்படுறீங்க."

"ரெண்டாவது சரணத்துல."

"ஓ, அதுலதான். ரெண்டு தரமும் அங்க எனக்கு நெஞ்சு திக்கிண்டிச்சு, விழுந்துடுவீங்களோண்டு."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பாடுறப்ப."

"சரி, நான் வெக்கிறேன். அடுப்புல வேல ஈக்கி."

"தாத்தா, நீங்க அழிச்சிட்டீங்க தானே?"

"அழிச்சிட்டேன் தம்பி. அதுக்குத்தானே கேட்டது."

போன் வைக்கப்பட்டது. பிறெடி அதைக் கையில் பிடித்தபடி நின்றான். மயூரி எட்டித் திரையைப் பார்த்தாள். தெஹிவளைக்காரியின் பெட்டியில் அவன் உண்மையிலேயே இருக்கவில்லை.

"கவலைப்படாதேங்கோ அண்ணா," என்றாள்.

"ரெண்டு தரம் தங்கச்சி," என்றான் பிறெடி. "கடைசி வரைக்கும் ரெண்டு தரம். சரணத்துல பிழையும் பிடிச்சிட்டா." ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான். பிஸ்கட்டையும் எடுத்தான்.

அடுத்த அழைப்பு அடித்தது. நளீபா கையை நீட்டினாள். பிறெடி போனைக் கொடுக்கவில்லை. அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், பாட்டுப்பெட்டி," என்றான். "பிறெடியை அழிக்கவா? ஓ, அழிக்கலாம். முதல்ல சொல்லுங்க, இப்ப போன் எங்க இருக்கு, உங்க கையிலயா, அலுமாரிக்குள்ளயா?"